தலைக்கு மேல் வீசும் அடி
(இறகுப்பந்தாட்டப் பயிற்சி பற்றி ஒரு பாடம்)

திருச்சிராப்பள்ளிக்கு வரும் எவருடைய கண்ணுக்கும் முதலிற் புலப்படுவது மலைக்கோட்டையாகும். உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க விரும்புவோர், செல்வராயினும் வறியவராயினும், தாயுமானவர் சந்நிதியைக் கடந்து படிப்படியாகவே ஏற வேண்டும். ஒரே தாவலில் உச்சியை அடைந்தவர் எவருமிலர். எந்தத் தொழிலுக்கும் கலைக்கும் பொருந்தும் இவ்வுண்மை, விளையாட்டுக்கும் பொருந்தும்.

விவசாயத்தையும் கிராம நலத்தையும் பற்றிப் பேசும் இவ்வேட்டில் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். ஊராட்சியின் பணி சாலையோடும் குடிநீரோடும் முடிந்து விடுவதில்லை. 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், விளையாட்டிடங்களையும் உடற்பயிற்சி நிலையங்களையும் ஏற்படுத்திப் பேணுவதை ஊராட்சி மேற்கொள்ளத்தக்க பணிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 2024 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தின் வாயிலாகக் கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்களும் வழங்கப்பட்டன. பொருள் வந்தது, ஆனால் அதைப் பயன்படுத்தும் முறை பல ஊர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அம்முறையில் ஒரு சிறு பகுதியை, அதாவது தலைக்கு மேல் வரும் இறகுப்பந்தை அடிக்கும் வகையை, விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மண்ணுக்குப் புதியதன்று

மட்டையால் பந்தடிக்கும் ஆட்டம் காவிரிக் கரைக்குப் புதியதன்று. மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தைக் கொண்டு ஆடும் பூப்பந்தாட்டத்தைத் தஞ்சை அரச குடும்பத்தார் 1856 ஆம் ஆண்டிலேயே ஆடினர் என்று கூறுவர். மரத்தடி மண்தரையும், இரண்டு கம்பங்களும், ஒரு வலையும் இருந்தாற் போதுமாதலின், அவ்வாட்டம் தென்னாட்டுக் கிராமங்களில் எளிதிற் பரவியது. 1954 ஆம் ஆண்டில் அதற்கென இந்தியப் பூப்பந்தாட்டக் கூட்டமைப்பு அமைந்தது. ஜே. பிச்சையா என்னும் ஆந்திர ஆட்டக்காரர் 1970 ஆம் ஆண்டிற்குரிய அர்ஜுனா விருதைப் பெற்றார்.

இறகுப்பந்தாட்டமும் நம் நாட்டோடு தொடர்புடையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூனாவில் இருந்த ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே வழங்கிய ஆட்டம், இங்கிலாந்துக்குச் சென்று, அங்குள்ள பாட்மிண்டன் மாளிகையின் பெயரைப் பெற்றது. 1992 ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கிலிருந்து அது பதக்கத்திற்குரிய ஆட்டமாக விளங்குகிறது.

இரண்டு ஆட்டங்களுக்கும் உள்ள வேற்றுமை ஒன்றை நம் ஊர் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பூப்பந்தின் எடை 27 முதல் 30 கிராம் வரை. இறகுப்பந்தின் எடையோ 4.74 முதல் 5.50 கிராம் வரைதான். பதினாறு இறகுகள் கொண்ட அவ்விலேசான பொருள், மட்டையை விட்டுக் கிளம்பும்போது அம்புபோற் கிளம்பினும், காற்றின் தடையினால் விரைவிலேயே வேகம் இழந்து விழுந்துவிடும். ஆகவே பூப்பந்தைத் தள்ளியடித்துப் பழகிய கை, இறகுப்பந்தையும் அவ்வாறே தள்ளினால், அது நடுக்களத்தைத் தாண்டாது. இதற்கு வேண்டுவது கையின் பருமனன்று. மட்டையின் தலை அடிபடும் கணத்தில் பெறும் வேகமேயாகும்.

என் கண்ணால் கண்டது

இதனை நான் ஏட்டில் மட்டும் கற்றேனில்லை. கொள்ளிடத்தின் தென்கரையில், வாழையும் நெல்லும் விளையும் ஒரு சிற்றூரில், பள்ளியில் பயிலும் ஒரு பெண் இறகுப்பந்தாட்டத்தில் ஆர்வங்கொண்டு ஆடி வந்தாள். அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கூடிய ஒரு போட்டிக்கு நானும் சென்றிருந்தேன். அவள் வலையருகில் நன்றாகவே ஆடினாள். ஆனால் எதிராளி சிறிது நேரத்தில் ஒரு குறையைக் கண்டு கொண்டாள். பந்தை உயரத் தூக்கிப் பின்கோட்டிற்கு அனுப்பினாற் போதும்; இவளுடைய பதிலடி நடுக்களத்திலேயே விழும்; அதை ஓங்கி அடித்துவிடலாம். அன்று ஆட்டம் அரை மணி நேரங்கூட நீடிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அவளுடைய தந்தையார், வாழைத்தார் ஏற்றும் வேலையை விட்டு வந்தவர், என்னிடம் வந்தார். “ஐயா, புள்ளைக்குத் தோள்ல வலு இல்லீங்க. அடுத்த வருஷம் பெரிய பரீட்சை. இத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். நான் சிறிது நேரம் யோசித்து, “படிப்பும் முக்கியந்தான்” என்றேன். அப்பெண் தலை குனிந்து மட்டையைத் துணிப்பையில் வைத்ததைப் பார்த்தேன். நான் கூறியது பொய்யன்று. ஆயினும் அது அவர் கேட்ட வினாவிற்கு விடையுமன்று. தோளில் வலு இல்லை என்ற முடிவை நான் ஆராயாமல் ஏற்றுக்கொண்டேன். அன்று நான் செய்த பிழை அதுவே.

அருகில் நின்றிருந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்தாம் அதைத் திருத்தினார். “நெற்கட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் களத்தில் அடிக்கிற பெண்ணுக்கா வலு இல்லை? வலு இருக்கிறது, அது மட்டைக்குப் போய்ச் சேரவில்லை. நம் வாய்க்காலைப்போல வழியில் எங்கோ உடைப்பு இருக்கிறது. உடைப்பை அடைக்காமல், தலைமதகில் தண்ணீர் இல்லை என்று சொல்கிறீர்களே!” என்றார்.

இவ்வுவமையை நான் மறக்கவில்லை. உய்யக்கொண்டான் வாய்க்காலில் எவ்வளவு நீர் விட்டாலும், கரை உடைந்திருந்தால் கடைமடை வறண்டே கிடக்கும். தலைக்கு மேல் அடிக்கும் அடியும் அத்தகையதே. காலிற் பிறக்கும் விசை இடுப்பிற்கும், இடுப்பிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து முன்கைக்கும், இறுதியில் மட்டையின் தலைக்கும் பாய வேண்டும். இடையில் ஓரிடத்தில் உடைப்பு ஏற்பட்டாலும், கடைமடையாகிய பந்திற்கு விசை எட்டாது. பயிற்சி என்பது அவ்வுடைப்பைக் கண்டுபிடித்து அடைக்கும் வேலையே.

மூவகை அடிகள்

தலைக்கு மேல் அடிக்கும் அடிகள் முக்கியமாக மூன்று. முதலாவது, பந்தை உயரமாகவும் தொலைவாகவும் செலுத்தி எதிராளியின் பின்கோட்டருகே வீழ்த்தும் தூர அடி. இரண்டாவது, ஓங்கி அடிப்பதுபோற் காட்டி, வலையைத் தாண்டியதும் விழும்படி மெல்லச் செலுத்தும் வீழ்த்தடி. மூன்றாவது, செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பாய்ச்சும் ஓங்கடி. இதனையே ‘ஸ்மாஷ்’ என்று ஆட்டக்காரர் கூறுவர்.

இளைஞர் அனைவரும் மூன்றாவதையே முதலிற் கற்க விரும்புகின்றனர். இது கூரை வேய்ந்த பின் அடித்தளம் தோண்டுவதை ஒக்கும். ஆடுகளத்தின் நீளம் 13.40 மீட்டர், இரட்டையர் ஆட்டத்திற்குரிய அகலம் 6.10 மீட்டர். வலையின் உயரம் கம்பங்களருகில் 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர். ஒரு பின்கோட்டிலிருந்து மறு பின்கோடு வரை பந்தைச் சிரமமின்றி அனுப்பத் தெரிந்தவரே, தமக்கு நேரம் தேடிக்கொள்ளவும் எதிராளியை வலையை விட்டு விலக்கவும் வல்லவராவர். ஆகவே தூர அடியே முதற்பாடம். அது கைவந்தால், அதே வீச்சில் சிறு மாறுதல் செய்து மற்ற இரண்டையும் கற்கலாம். மூன்று அடிகளுக்கும் தொடக்கம் ஒன்றாகவே தோன்ற வேண்டும். எது வரப்போகிறது என்று எதிராளி அறியாதிருப்பதே அவற்றின் வலிமை.

அடியின் உறுப்புகள்

பிடி: மட்டையைத் தோசைக்கரண்டியைப் பிடிப்பதுபோல், அதன் முகம் வானை நோக்கப் பிடிப்பதே நம் ஊர்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை. விறகு பிளக்கக் கோடரியை எடுப்பவர், வெட்டுவாய் கீழ்நோக்கும்படி பிடிக்கிறார். மட்டையின் விளிம்பை அவ்வாறு தரையை நோக்கச் செய்து, கைப்பிடியோடு கைகுலுக்குவது போலப் பிடித்தல் வேண்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிரியும் இடம் விளிம்புக்கு நேராக அமையும். பிடி தளர்வாகவே இருக்க வேண்டும். கோழிக்குஞ்சைக் கையில் ஏந்துபவர் அது நசுங்காமலும் நழுவாமலும் ஏந்துவது போன்ற பிடி அது. பந்து மட்டையில் படும் ஒரு கணத்தில் மட்டும் விரல்கள் இறுக வேண்டும்.

நிலை: வலையை நேர்முகமாக நோக்கி நின்று அடிப்பவர்க்கு இடுப்பின் விசை கிட்டாது. பந்து மேலெழுந்ததும் பக்கவாட்டில் திரும்பி, வலக்கையர் வலக்காலைப் பின்வைத்து, இடத்தோள் வலையை நோக்க நிற்க வேண்டும். இடக்கையர் இவற்றை மாற்றிக்கொள்க. பந்து தலைக்குப் பின்னே சென்றுவிடாதபடி, அதற்கும் பின்னதாகச் சென்று காத்து நிற்றல் நன்று. வெள்ளம் வருமுன் கரை கட்டுவது போன்றது இது.

இடக்கை: மட்டை பிடியாத கையைச் சும்மா தொங்கவிடலாகாது. அதனை உயர்த்திப் பந்தைச் சுட்டுவது போல நீட்டினால், உடலின் நிறை நிலைபெறும்; தோள்களும் திரும்பி நிற்கும். அடிக்கும்போது அக்கையை மார்பை நோக்கி இழுத்துக்கொண்டால், வலத்தோள் தானாக முன்வரும்.

முழங்கை: இதுவே பலருக்கு உடைப்பு ஏற்படும் இடம். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் அடி தள்ளலாகிவிடும். அது தோளின் உயரத்திற்கு எழுந்து, சற்றுப் பின்னே நிற்க வேண்டும். கிளிகளை விரட்டக் கல்லெறியும் சிறுவனைக் கவனியுங்கள். அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஆயினும் அவன் முழங்கை உயர்ந்தே இருக்கிறது, உடல் பக்கவாட்டில் திரும்பியே இருக்கிறது. கல்லெறியத் தெரிந்த எவருக்கும் இவ்வடியின் பாதி ஏற்கெனவே தெரியும்.

முன்கைச் சுழற்சி: மணிக்கட்டை முன்னும் பின்னும் மடக்கி அடிப்பதே வேகத்திற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இன்று ஆய்வாளர் கூறுவது வேறு. தோளில் மேற்கை உட்புறமாகச் சுழல்வதும், முன்கை தன் அச்சிலேயே திரும்புவதுமே மட்டைத் தலையின் வேகத்திற்குப் பெருந்துணை புரிகின்றன. வலக்கையில் ஏந்திய செம்பின் நீரை இடப்புறமாகக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்புகிறதன்றோ? அத்திருப்பமே தலைக்கு மேல், மிக விரைவாக நிகழ வேண்டும். சாட்டையின் கைப்பிடி சிறிதே அசைய, நுனி ஓசையெழுப்பும் வேகம் பெறுவது இதற்கு உவமையாகும்.

படும் இடம்: கையை நன்கு உயர்த்தி, வலத்தோளுக்கு மேலே, உடலுக்குச் சற்று முன்னே பந்தைச் சந்திக்க வேண்டும். பின்கோட்டருகே நின்று அடிப்பவர்க்கும் வலைக்கும் ஏறக்குறைய ஆறு மீட்டர் இடைவெளி உண்டு. அத்தொலைவிலிருந்து பந்து வலையையும் தாண்டிக் கீழ்நோக்கியும் செல்லவேண்டுமாயின், ஒரு சாண் உயரம் கூடுவதும் பெரும் பயனளிக்கும். பந்து தாழ்ந்து வரும்வரை காத்திருப்பவர் அவ்வுயரத்தை இழந்துவிடுகிறார்.

முடிவும் மீட்சியும்: அடித்தபின் மட்டை இடப்புறமாகத் தாழ்ந்து ஓயட்டும், வலக்கால் முன்வரட்டும். அந்நடையையே முதலடியாகக் கொண்டு நடுக்களத்திற்குத் திரும்ப வேண்டும். அடித்துவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பவர், அறுவடை செய்து கதிரைக் களத்திலேயே விட்டு வந்தவர் ஆவார்.

ஆறு படிகள்

அந்த உடற்கல்வி ஆசிரியர் அப்பெண்ணுக்கும் அவளுடன் ஆடிய பிள்ளைகளுக்கும் வகுத்த முறையைச் சிறிது விரித்து இங்கே தருகிறேன். ஒரு படி கைவந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுதல் வேண்டும்.

1. பந்தின்றி வீசுதல். பிடி, நிலை, இடக்கை, முழங்கை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு, முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் காற்றில் வீச வேண்டும். சரியான வீச்சு காற்றைக் கிழிக்கும் ஓசை தரும். அவ்வோசை தலைக்கு மேலே முன்புறம் கேட்க வேண்டும், காதுக்குப் பின்னே அன்று.

2. எறிதல். பழைய இறகுப்பந்தையோ துணிப்பந்தையோ பின்கோட்டில் நின்று வலைக்கு மேலாக எறிதல். எறியும் முறையும் அடிக்கும் முறையும் ஒன்றே என்பதை உடல் இதனால் உணரும்.

3. தொங்கும் பந்து. வேப்பமரக் கிளையில் நூல் கட்டி, கை நீட்டி மட்டை எட்டும் உயரத்தில் ஒரு பந்தைத் தொங்கவிடுக. பந்து அசையாது நிற்பதால், உயரத்தில் சந்திக்கும் பழக்கம் எளிதில் அமையும். செலவு, நூலின் விலை மட்டுமே.

4. ஒருவர் தூக்கிக் கொடுத்தல். துணைவர் எதிர்ப்புறத்திலிருந்து உயரமாக அடித்துக் கொடுக்க, கற்பவர் ஓரிடத்தில் நின்று தூர அடியை மட்டும் பழகுதல். எண்ணிக்கையை இருபது இருபதாகப் பிரித்து, இடையே தோளுக்கு ஓய்வு தரவேண்டும்.

5. நகர்ந்து அடித்தல். நடுக்களத்தில் தொடங்கி, பின்சென்று அடித்து, நடுக்களத்திற்கு மீளுதல். நின்ற இடத்தில் வரும் அடி நடந்து சென்றால் வராமற் போவது இயல்பு. அதனால் மனம் தளரவேண்டுவதில்லை.

6. கலந்து அடித்தல். தூர அடி, வீழ்த்தடி, ஓங்கடி மூன்றையும் மாறி மாறி, துணைவர் கூறும் சொல்லுக்கேற்ப அடித்தல்.

ஆறாம் படியின் இன்றியமையாமையைப் பற்றி ஒரு சொல். 1986 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கூட், மாகில் என்னும் இருவர், இறகுப்பந்தாட்டத்தின் மூன்று வகைத் தொடக்க அடிகளைக் கற்போரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு சாரார் ஒரு வகையை முடித்தபின் அடுத்ததைப் பயின்றனர். மற்றொரு சாரார் மூன்றையும் முறை மாற்றிக் கலந்து பயின்றனர். பின்னர்ச் சோதித்தபோது, கலந்து பயின்றோரே கற்றதை நன்கு நினைவிற்கொண்டு, புதிய இடத்திலிருந்தும் நன்கு அடித்தனர். பயிற்சியின்போது எளிதாகத் தோன்றுவது எப்பொழுதும் பயன் மிக்கதாக இருப்பதில்லை என்பது இதனால் விளங்கும். தொடக்கத்தில் ஒன்றையே பழகுவது தேவை. ஆனால் அங்கேயே நின்றுவிடலாகாது.

கணக்கு எழுதுதல்

மழைமானியின் அளவைப் பதியாமல் பருவத்தின் போக்கை அறிய முடியாது. பயிற்சியும் அவ்வாறே. இரட்டையர் ஆட்டத்தில் பின்கோட்டிற்கும் அதன் முன்னுள்ள கோட்டிற்கும் இடையே 76 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டை ஒன்று உண்டு. இருபது தூர அடிகளில் எத்தனை அப்பட்டையில் அல்லது அதன் அருகில் விழுகின்றன என்று வாரத்திற்கு ஒரு முறை எண்ணி, ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். யாரோ ஒருவர் கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து படம் பிடித்து, அதை மெதுவாக ஓட்டிக் காட்டினால், தாழ்ந்த முழங்கையும் தொங்கும் இடக்கையும் தாமாகவே தெரிந்துவிடும். வாயால் நூறு முறை சொல்லியும் ஏறாதது, கண்ணால் ஒரு முறை கண்டதும் ஏறும்.

ஒரே நாளில் மூன்று மணி நேரம் வருந்தி அடித்துப் பின் ஒரு வாரம் ஓய்ந்திருப்பதைக் காட்டிலும், வாரத்தில் நான்கைந்து நாள் அரைமணி நேரம் கவனத்துடன் அடிப்பது சிறந்தது. ஒரே நாளில் ஏரி நீர் முழுவதையும் வயலுக்குத் திறந்துவிடும் உழவர் உண்டோ? களைத்த தோள் தவறான வழியைத் தேடும், அத்தவறே பழக்கமாகும். தோளிலோ முழங்கையிலோ வலி கண்டால், அன்று நிறுத்துவதே அறிவு. வலி தொடர்ந்தால் மருத்துவரை நாடுக. என் கல்லூரிக் காலத்தில் தோள்வலியை வீரம் என்று எண்ணி அடித்துத் தள்ளினேன்; இன்றும் உயரத்திலுள்ள கோப்பை எடுக்கும்போது அத்தோள் எனக்கு அதனை நினைவூட்டுகிறது.

இடமும் காற்றும்

திருச்சியில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்றை அனைவரும் அறிவர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். ஐந்து கிராம் இறகு என் செய்யும்? அம்மாதங்களில் காற்று அடங்கிய விடியற்காலையில் ஆடலாம். அல்லது முதல் மூன்று படிகளை மட்டும் பழகலாம். வெளியிடத்திற்கு நைலான் பந்து இறகைவிட நீடித்து உழைக்கும். திருச்சி காஜாமலையிலுள்ள அண்ணா விளையாட்டரங்கிற்கு எல்லோரும் நாள்தோறும் செல்ல இயலாது. அதற்காகப் பயிற்சியைக் கைவிடவும் வேண்டியதில்லை. 1980 ஆம் ஆண்டு அகில இங்கிலாந்துப் போட்டியில் வாகை சூடிய பிரகாஷ் படுகோன், பெங்களூர் மல்லேசுவரத்தில் திருமணங்களும் நடைபெறும் ஒரு கூடத்தில் ஆடிப் பழகியவர். நம் சமுதாயக் கூடங்கள் விழாவில்லா நாட்களில் பூட்டியே கிடப்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

நான் குறிப்பிட்ட ஊரில் இடமே பெரிய சிக்கலாயிற்று. பிள்ளைகள் நெல் உலர்த்தும் சிமெண்டுக் களத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு ஆடத் தொடங்கினர். அறுவடை நெருங்கியதும் உழவர்கள் சினங்கொண்டனர். “களம் நெல்லுக்கா, பந்துக்கா?” என்பதே வினா. இரு திறத்தாரிடமும் நியாயம் இருந்தது. மழை மூட்டத்தில் ஈர நெல்லை வைத்துக்கொண்டு இடந்தேடும் உழவரின் துயரத்தை அறியாதவர் யார்? ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, அறுவடை வாரங்களில் களம் முழுதும் நெல்லுக்கே என்றும், ஏனைய நாட்களில் காலை ஏழு மணி வரையும் மாலை ஐந்து மணிக்கு மேலும் பிள்ளைகளுக்கென்றும் முடிவு செய்தனர். ஆடியபின் களத்தைப் பெருக்கிவிடுவது பிள்ளைகளின் கடமையாயிற்று. அதனால் உமித்தூசு நீங்கி, காலும் வழுக்காமற் போயிற்று. சிமெண்டுத் தரை முழங்காலுக்குக் கடியது. ஆகவே அங்கே தாவி அடிக்கும் ஓங்கடியைத் தவிர்த்தல் நலம். காலணியின்றி ஆடுதலும் கூடாது.

வலு யாரிடம் உள்ளது?

ஆந்திர மாநிலத்தில் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள அமலாபுரம் என்னும் ஊரில், உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி. 2023 ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த சோதனையில் அவருடைய ஓங்கடி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையை விட்டுக் கிளம்பியதாகக் கின்னஸ் ஏட்டில் பதிவாயிற்று. நம்மைப் போலவே நெல்லும் தென்னையும் விளையும் கழிமுகத்து மண் அது.

2024 ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்தாட்டத்தில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் வெள்ளிப் பதக்கமும், மனிஷா ராமதாஸ், நித்ய ஸ்ரீ சிவன் ஆகிய இருவரும் வெண்கலப் பதக்கங்களும் பெற்றனர். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். துளசிமதிக்கும் மனிஷாவுக்கும் ஒரு கையில் குறையுண்டு. நித்ய ஸ்ரீ உயரங் குறைந்தோர் பிரிவில் ஆடியவர். தோளில் வலு இல்லை, உயரம் இல்லை, பெண்ணாயிற்றே என்று சொல்லி ஒரு பிள்ளையின் மட்டையைப் பைக்குள் வைக்குமுன் இம்மூவரையும் நினைவு கூர்தல் வேண்டும்.

கொள்ளிடக்கரைப் பெண்ணின் கதையை முடித்துவிடுகிறேன். நான் மறுபடியும் அவள் வீட்டிற்குச் சென்று, முன்பு யோசியாமற் சொன்னதை ஒப்புக்கொண்டு, மூன்று மாதம் மட்டும் பொறுத்துப் பார்க்கும்படி தந்தையாரிடம் வேண்டினேன். அவர் உடனே இசையவில்லை. “படிப்புக் கெடாம இருந்தா சரிங்க ஐயா” என்றார். நாளொன்றுக்கு அரைமணி நேரமே என்று உறுதி கூறப்பட்டது. தொடக்கத்தில் அவளுடைய குறிப்பேட்டில் இருபதுக்கு மூன்று என்று இருந்தது. ஐந்தாம் வாரம் இரண்டாகக் குறைந்தது. பிடியை மாற்றியதால் ஏற்பட்ட தடுமாற்றம் அது. அவ்வாரம் அவள் அழுதாள் என்று பின்னர் அறிந்தேன். மூன்றாம் மாத முடிவில் பதின்மூன்று என்று எழுதியிருந்தது.

அடுத்த போட்டியில் அவள் வெல்லவில்லை. இரண்டாம் சுற்றில் தோற்றாள். ஆனால் அரைமணிக்கும் மேலாக ஆட்டம் நீண்டது. எதிராளி பந்தைப் பின்கோட்டிற்குத் தூக்கியபோதெல்லாம் அது பின்கோட்டிற்கே திரும்பிச் சென்றது. களத்தோரம் நின்றிருந்த தந்தையார் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் நான் அவ்வூருக்குச் சென்றபோது, அவர் வீட்டுக் கொல்லையில் இரண்டு மூங்கிற் கம்பங்கள் நடப்பட்டு, இடையே பழைய மீன்வலை கட்டப்பட்டிருந்தது. வேப்பமரத்தில் ஒரு பந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. முதலில் தூர அடி, பின்னர் வீழ்த்தடி, இறுதியில் ஓங்கடி.
2. கோடரிப் பிடி, தோசைக்கரண்டிப் பிடி ஆகாது.
3. பக்கவாட்டு நிலை, உயர்ந்த இடக்கை, உயர்ந்த முழங்கை.
4. பிடி தளர்வு, அடிபடும் கணத்தில் மட்டும் இறுக்கம்.
5. பந்தை உயரத்திலும் உடலுக்கு முன்னும் சந்தித்தல்.
6. நாள்தோறும் சிறிது, வாரந்தோறும் கணக்கு, வலி கண்டால் ஓய்வு.
7. இடத்தைப் பற்றிய பூசலை ஊரார் கூடிப் பேசி முன்னதாகவே தீர்த்துக்கொள்ளுதல்.

பஞ்சாயத்துப் பொறுப்பிலுள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் விளையாட்டுப் பொருள்கள் எங்கே உள்ளன என்று இவ்வாரமே விசாரியுங்கள். பெட்டி திறக்கப்படாதிருந்தால் திறக்கச் செய்யுங்கள். ஊரில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் இருப்பின் அவரை அழைத்து வாருங்கள். மரமும் நூலும் எல்லா ஊரிலும் உண்டு. முதற்படி அங்கேயே இருக்கிறது.